என்ன தின்னும் எண்டு கேட்டவர்

விலை கேட்க முந்தி வேறொரு கேள்வி கேட்கிற ஆளை என்ட ஹயாத்துல நான் ஒராளைத்தான் கண்டிருக்கன். ஐம்பதுகளில கல்முனைக் கடைத்தெருவில ஒரு ரேடியோக் கடையில நான் சாமான் விக்கிற ஆளா நிண்டன். எங்கட கடைக்கு நேரெதிரில ஒரு புடவைக் கடை. அந்தக் கடைட வாசலுக்குள்ள, தெருவைப் பாத்தமாதிரி மெசினைப் போட்டுக்கொண்டு தைச்சவர் அவர். அண்ணனைக் காக்கா எண்டு சொல்ற ஊர், அதால டெயிலர் காக்கா எண்டு கூப்பிடுவம். சொந்தப் பேர் ஒண்டு இருந்திச்சு. அதை இஞ்ச எழுத மாட்டன். அந்தப் பேரை ஒருக்கா நான் கெடுத்தது போதும்.

எங்கட கடையில புதுச் சாமான் ஒண்டு இறங்கினா அவருக்கு இருப்புக் கொள்ளாது. மெசின் மிதியிலிருந்து காலை எடுத்து, வாயில கவ்வியிருந்த குண்டூசியைச் சட்டைக் கொலரில குத்திப்போட்டு, தெருவைக் கடந்து வருவார். கழுத்தில தொங்கிற அளவு நாடாவால சாமான்ட நீளம் அகலத்தை அளப்பார். எதுக்கு அளந்தார் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கல்ல. தடவிப் பாப்பார், தூக்கிப் பாப்பார், காதுக்கிட்ட வெச்சிக் குலுக்கிப் பாப்பார். பிறகு கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்து, "தம்பி, இது என்ன தின்னும்?" எண்டு கேட்பார்.

மாடு வாங்கிற ஆள் கேட்கிற கேள்வி. டோர்ச் லைட் பெட்டரி தின்னும். கிராமபோன் ஊசி தின்னும். ரேடியோ எண்டா பெருந்தீனிக்காரன். செங்கல் அளவு பெட்டரியை மூணு மாசத்துக்கொருக்கா தின்னும், அதுக்கு மேல தபால் கந்தோரில வருசாவருசம் லைசன்சும் தின்னும். இதையெல்லாம் நான் மெல்ல முழுங்கப் பாப்பன். அவர் விடமாட்டார். ஒவ்வொண்டாக் கேட்டு என்ட வாயாலயே சொல்ல வைப்பார். சொல்லி முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு விட்டு, வாங்கிற விலை ஒருநாளைக்குத்தான் தம்பி, தீனி குடுத்துத் தீத்துற விலைதான் ஹயாத்து முழுக்க எண்டுபோட்டு மெசினடிக்குப் போயிருவார். தன்ட மெசின் கிழமைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் திண்டுபோட்டு நாலு வயித்துக்குத் தீத்துது எண்டு பெருமையாச் சொல்லுவார்.

கஞ்சன் எண்டு நினைச்சிராதீங்க. வாப்பா இல்லாத யத்தீம் புள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை தைச்சா அவர் கூலி வாங்கமாட்டார். தேத்தண்ணிக் கடையில பக்கத்தில நிக்கிறவனுக்கும் சேத்துச் சல்லி குடுப்பார். ஆசையில்லாத ஆளும் இல்ல. அவருக்கு ரேடியோவில இருந்த ஆசை அதை விக்கிற எங்களுக்குக் கூட இல்ல. பின்னேரம் நான் ரேடியோவைத் திறந்தா எதிர்ப்பக்கம் மெசின் சத்தம் நிண்டிரும். ஒருநாள் விளையாட்டுக்கு, வந்து திருகிப் பாருங்க காக்கா எண்டு கூப்பிட்டன். வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திருகாணியை அசைச்சி அசைச்சி ஒவ்வொரு தேசமாத் தேடினார். வலது கை திருகாணியில. இடது கை இடுப்பு வாரில இருந்த சல்லிப் பையைத் தடவிக்கொண்டிருந்திச்சு. அவருக்கே அது தெரியாது. தெரிஞ்சதும் நெருப்புப் பட்ட மாதிரி ரெண்டு கையையும் எடுத்துப் பின்னால கட்டிக்கொண்டார். "மூணு வெள்ளி போகட்டும்" எண்டார்.

அது அவர்ட மற்றச் சட்டம். ஒரு சாமான் மேல ஆசை வந்தா மூணு ஜும்ஆ தொழுது முடியும்வரைக்கும் பொறுக்கணும். மூணாவது வெள்ளியும் அந்த ஆசை இருந்தா வாங்கலாம். அப்பிடி அவர் வாங்கினதை நான் காணல்ல. ஒருக்கா மலிவு டோர்ச் லைட் ஒரு பெட்டி வந்திச்சு. கல்முனைக்குடியில கடலுக்குப் போற ஆக்கள் ஆளுக்கு ரெண்டு எண்டு அள்ளிக்கொண்டு போனாங்க. ரெண்டாவது வெள்ளிக்கு முந்தியே உப்புக்காத்துப் பட்டுச் சுவிச்செல்லாம் இறுகி, கொண்டுபோன அவ்வளவும் கடைக்கே கிறுகி வந்திச்சு. நான் கடைக்குப் பின்னால ஒளிச்சிக்கொண்டன். அவர், நான் சொன்னனே எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல. திட்டிக்கொண்டு நிண்ட ஒராளைக் கூப்பிட்டு உக்காரவெச்சி, ஊசி முனையால துருவைச் சுரண்டிக் குடுத்தார்.

இன்னொருக்கா எங்கட முதலாளி கொழும்பில ஏலத்தில ஒரு லொறிச் சாமான் எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்துத் துரைமார் சீமைக்குப் போறப்ப விட்டிட்டுப் போன சாமான். அதில பெட்டரி ரேடியோ மூணு, கறண்ட் ஸ்திரிக்கைப் பெட்டி பன்ரெண்டு. எங்கட தெருவுக்குக் கறண்ட் வரப்போகுது எண்டு ஒரு கதைதான் அப்ப வந்திருந்திச்சு, கறண்ட் வரல்ல. ஆனா மலிவு எண்டா மனுசனுக்குக் கண் தெரியாதே. எட்டுப் பெட்டியை வித்துப்போட்டன். அவர் வந்து ஒண்டைத் தூக்கிப் பாத்துப்போட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். கறண்ட் தின்னும் எண்டன். அது எந்தக் கடையில விக்குது எண்டு கேட்டார். நக்கலுக்குக் கேட்கல்ல, உண்மையாவே அறியத்தான் கேட்டார். தெரு சிரிச்ச சிரிப்பில மிச்சம் நாலு பெட்டியும் அலுமாரிக்கு மேல ஏறிற்று.

அதுக்குப் பிறகு எனக்கு அவரில ஒரு வன்மம் விழுந்திச்சு. ஒராள் சல்லிப் பையில கை வெக்கிற நேரம் பாத்து, அது என்ன தின்னும் எண்டு கேட்டீங்களா தம்பி எண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார். வந்தவன் கையை எடுத்திருவான். கடைத்தெருப் பொடியன்மார் என்னைக் கண்டா, இவன் என்ன தின்பான் எண்டு கேட்கத் தொடங்கிட்டானுகள். எனக்குப் பொண் பேசப் போன இடத்திலயும் அதே கேள்வி வந்ததாக் கேள்வி. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரனோட ஒரு நாள் வாய்த்தர்க்கம் முத்தி, டெயிலர் காக்காட வீட்டுல ஒரு ரேடியோவை ஏத்திக் காட்டுறன் பார் எண்டு சொல்லிப்போட்டன். தோத்தா மாட்டுக்குடல் பாபத்தும் றொட்டியும் என்ட செலவு. ஒரு சட்டி பாபத்துக்குத்தான் நான் ஒரு குடும்பத்தில கை வெச்சன். இப்ப எழுதக்குள்ளயும் கூசுது.

அவருக்கு ரெண்டு பொம்புளைப் புள்ளைகள். எங்கட பகுதியில கலியாணம் முடிச்சா மாப்புள்ளைதான் பொண் வீட்டுக்கு வரணும். அதால பொம்புளைப் புள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பாமார் வீடு கட்டத் தொடங்கிருவாங்க. மூத்த மகளுக்கு அவர் தன்ட வளவுக்குள்ளயே ஒரு வீடு கட்டினார். சட்டை சட்டையாத் தைச்சிக் கட்டின வீடு. கதவு போட்டு ஓடும் ஏத்தி முடிஞ்சிருந்திச்சு. சாய்ந்தமருதில சங்கக்கடையில வேலை செய்யிற ஒரு நல்ல மாப்புள்ள. வீடு மட்டும் போதும், வேறொண்டும் வேணாம் எண்டு பேசி முடிச்சிருந்தாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திக் கலியாணம். மூணு வெள்ளி, மூணு வெள்ளி எண்டு அவர் எல்லாத்தையும் தள்ளிவெச்சது அந்த வீட்டுக்காகத்தான். எனக்கு இது தெரியாத கதையில்ல.

நோன்பு கடைசி. முதலாளி கொழும்புக்குப் போயிருந்தார். எங்கட ஊர்ல பெருநாள் பிறை எண்டா ரேடியோக் கடைக்கு முன்னால சனம் நெருக்கும். கொழும்பில பிறை கண்டதா இல்லையா எண்டு அதில சொல்றதைக் கேட்டாத்தான் நாளைக்கு நோன்பா பெருநாளா எண்டு தெரியும். ஆம்புளைகள் தெருவுக்கு வந்து கேட்பாங்க. பொம்புளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்ல. நான் அதைப் பிடிச்சன். அவரிட்டப் போய், பிறைச் செய்தியை உங்கட வீட்டுப் பொம்புளைகள் தங்கட காதால கேட்கட்டுமே, ஒரு கிழமைக்குச் சும்மா கொண்டுபோய் வைங்க, புடிக்காட்டிக் கொண்டு வாங்க, சல்லியும் வேணாம் எண்டன். அவர் நாடாவை விரல்ல சுத்திக்கொண்டு, மூணு வெள்ளி எண்டு இழுத்தார்.

"பிறை மூணு வெள்ளி பாத்துக்கொண்டு நிக்குமா காக்கா?" எண்டு கேட்டன்.

அந்தக் கேள்வியில நான் கெட்டிக்காரன். ஆனா அதுக்கும் அவர் ஓம் எண்டு சொல்லல்ல. நானாத்தான் ஒரு ரேடியோவைச் சைக்கிள் கரியரில வெச்சிக் கட்டிக்கொண்டு பின்னேரம் அஸருக்குப் பிறகு அவர்ட வீட்டுக்குப் போனன். வாசல் கடப்படியில நிண்ட ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கு முகம் முறிய மனம் வரல்ல. பழைய வீட்டுக் கூரை ஒழுக்கு, மேசையுமில்ல. அதால புது வீட்டு மேசையில வெச்சம். அதுதான் பிழை. அந்த நேரம் எங்க ரெண்டு பேருக்கும் அது பிழையாப் படல்ல. தென்னை மரத்தில ஏரியல் கம்பி கட்டி நான்தான் பாட வெச்சன். கதவுக்குப் பின்னால வளையல் சத்தம் கேட்டிச்சு. அண்டைக்குப் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு பிறை கண்ட செய்தி வந்தப்ப அந்த வளவில அயல் பொம்புளைகளெல்லாம் கூடி நிண்டதா அவர் பெருநாள் தொழுகைக்குப் போன இடத்தில சொன்னார். சொல்லக்குள்ள அவர்ட முகம் மலர்ந்திருந்திச்சு.

பெருநாள் அண்டு அவர் மத்த ஆம்புளைகளைப் போல வீடு வீடாக் கை குடுத்து முஸாபஹா செய்யப் போயிருந்தார். அந்த நேரம் மாப்புள்ளட உம்மாவும் சொந்தக்காரப் பொம்புளைகளும் பலகாரத்தோட வந்திருக்காங்க. வந்தாக்களைப் புது வீட்டுலதான் இருக்கவைப்பாங்க. மேசையில ரேடியோ. மகள் அதுக்கு ஒரு ராத்திரிக்குள்ள ஒரு உறை தைச்சிப் போட்டிருந்திச்சு; வெள்ளைத் துணி, பச்சைக் கரை, நடுவில பச்சை நூலால ஒரு பிறை. இதுவும் புள்ளைக்கா எண்டு மாப்புள்ளட உம்மா கேட்டிருக்கா. டெயிலர் காக்காட பொஞ்சாதி இல்ல எண்டு சொல்லல்ல. சிரிச்சிருக்கா. பாவம், அந்த மனுசிக்கு ஒரு நேரமாவது பெருமைப்பட ஆசை இருந்திருக்காதா? எங்கட ஊர் வழக்கம் அப்பிடி: பொண்ணுக்குக் கட்டின வீட்டுக்குள்ள இருக்கிற சாமானெல்லாம் பொண்ணோட போற சாமான். வந்தாக்கள் சாய்ந்தமருதுக்குப் போய், எங்கட மாப்புள்ளைக்கு வீட்டோட ரேடியோவும் குடுக்கிறாங்க எண்டு தெருமுழுக்கச் சொல்லிப்போட்டாங்க.

அவர் விசயத்தை அறிஞ்ச உடன, அது கடைச் சாமான் எண்டு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கார். அது அவங்களுக்குப் பெரிய அவமானமாப் போயிற்று. பெருநாள் முடிஞ்சி மூணாம் நாள் விடியக் கடை திறக்கக்குள்ள ரேடியோவைத் தோளில வெச்சிக்கொண்டு வந்து நிண்டார். சைக்கிள் கூட இல்ல, நடந்து வந்திருந்தார். நடந்ததெல்லாம் சொன்னார். என்னில ஒரு குறையும் சொல்லல்ல. ஆசைப்பட்டது நான்தானே எண்டார். மாப்புள்ளட மாமா இண்டைக்குக் கடைக்கு விசாரிக்க வருவார், காட்டுறதுக்காகவே நான் இரவல் வாங்கிவெச்சன் எண்டு அவர் நினைச்சிக்கொண்டு இரிக்கார் எண்டார். எங்கட ஆக்களில மாமா சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல.

"உள்ளதைச் சொல்லுங்க தம்பி. நீங்க கொண்டு வந்து வெச்சதெண்டு ஒரு சொல்லுப் போதும். என்ட புள்ளட காரியம்."

சொல்றன் காக்கா, அதுக்கென்ன எண்டன். அல்லாஹ் அறிய, சொல்ற எண்ணத்தோடதான் சொன்னன். உறையைக் கழட்டட்டா எண்டு கேட்டதுக்கு, தூசி படாம இரிக்கட்டும் எண்டுபோட்டுப் போனார். நான் அதை அப்பிடியே முன்வரிசையில வெச்சன். உறையோட பாக்க வடிவாத்தான் இருந்திச்சு.

பத்து மணி போல முதலாளி கொழும்பிலிருந்து வந்திறங்கிட்டார். அவர் ஹாஜியார், நல்ல மனுசன், ஆனா தன்ட சொல்லில்லாம ஒரு சாமானும் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. எனக்கு முந்தி நிண்டவன் ஒரு கலியாணத்துக்குப் பெற்றோமக்ஸ் லாம்பு குடுத்ததுக்கு அண்டைக்கே வீட்டுக்குப் போனவன். முதலாளி கதிரையில இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல்ல, மாப்புள்ளட மாமா வந்திட்டார். தொப்பியும் குடையுமா, கனத்த குரல். ரேடியோவைக் கண்டார். உறையையும் கண்டார். இது அந்த டெயிலர் வீட்டுல இருந்ததுதானே, அங்க எப்பிடிப் போனது எண்டு கேட்டார்.

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வெச்சிப்போட்டு என்னைப் பாத்தார். நான்தான் கொண்டுபோனன் எண்டா என்ட வேலை போயிரும். பந்தயக் கதையும் தேத்தண்ணிக் கடைக்காரன்ட வாயால வெளிய வரும். நோன்பில ஒரு ஏழைக்கு இரங்கினன் எண்டா ஹாஜியாருக்கு வாயடைச்சிரும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிசம் கூட எடுக்கல்ல. விக்கிறவன்ட நாக்குத்தானே.

"பெருநாளைக்கு ஆக்கள் வாறாங்க, ரெண்டு நாளைக்குத் தாங்க எண்டு அவர்தான் கெஞ்சிக் கேட்டவர். பாவமெண்டு குடுத்தன்" எண்டன்.

கெஞ்சி எண்ட சொல்லை என்னிட்ட ஒருத்தரும் கேட்கல்ல. நானாத்தான் சேத்தன். அதுதான் இத்தினை வருசமா எனக்குத் தொண்டையில நிக்குது.

கெஞ்சிக் கேட்டாரா எண்டு மாமா திருப்பிக் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். எங்கட தெரு ரெண்டு வண்டில் விலகிற அகலம்தான். எதிர்ப்பக்கம் மெசின் சத்தம் நிண்டிச்சு. நான் அந்தப் பக்கம் பாக்கல்ல. மாமா ரேடியோவைச் சுத்திப் பாத்தார், திறந்து பாத்தார், விலை கேட்டார். ஏலத்துச் சாமான், இந்த விலைக்கு எங்கயும் எடுக்கேலாது எண்டு என்ட வாய் தன்பாட்டில ஓடிக்கொண்டிருந்திச்சு. அது என்ன தின்னும் எண்டு அவர் கேட்கல்ல. மருமகனுக்கு நாங்களே ஒண்டு வாங்கிக் குடுப்பம், இரவல் ரேடியோ காட்டி ஏமாத்துற இடத்தில எங்களுக்குச் சம்மந்தம் வேணாம் எண்டு முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே சல்லியை எண்ணி வெச்சார். நான் ரேடியோவைத் தூக்கிக் கயிறு எடுத்தன்.

அப்பதான் அவர் தெருவைக் கடந்து வந்தார். சட்டைக் கொலரில குண்டூசி அப்பிடியே இருந்திச்சு. சண்டை பிடிப்பார் எண்டு நினைச்சன். பிடிச்சிருந்தா எனக்கு லேசாப் போயிருக்கும். அவர் மாமாவைப் பாக்கல்ல, முதலாளியைப் பாக்கல்ல. நேர என்னிட்ட வந்தார்.

"தம்பி, அந்த உறை என்ட மகள் தைச்சது. அதை மட்டும் கழட்டித் தாங்க" எண்டார்.

உறையைப் பின்பக்கம் நாடாவால முடிச்சிப் போட்டிருந்திச்சு. நான் இழுக்க இழுக்க முடிச்சு இறுகிச்சு, அவிழல்ல. அவர்ட இடுப்பு வாரில சின்னக் கத்திரிக்கோல் இருந்திச்சு. அதை எடுக்கல்ல. என்ட கையை மெல்ல விலக்கிப்போட்டு, நகத்தால முடிச்சைக் கிளப்பி, பொறுமையா அவிழ்த்தார். பிறை உள்பக்கம் போற மாதிரி நாலா மடிச்சார். சட்டைக்குள்ள நெஞ்சோட வெச்சிக்கொண்டு போயிட்டார். மாமா குடையைத் தட்டிக்கொண்டு வெளிய பாத்தார்.

சம்மந்தம் முறிஞ்சிச்சு. என்ட வேலை தப்பிச்சு. இரவல் ரேடியோ வீடு எண்டு அந்த வீட்டுக்கு ஊரில ஒரு பேர் வந்திச்சு. ரெண்டு மாரி அது ஆள் குடியேறாமப் பூட்டிக் கிடந்திச்சு. பிறகு கோமாரிப் பக்கமிருந்து வந்த, பொஞ்சாதி மவுத்தாப்போன ஒராளுக்கு அந்தப் புள்ளையைக் கட்டிக் குடுத்தாங்க. நல்லா இருந்திச்சோ என்னமோ, விசாரிக்க எனக்கு முகமில்ல. போய் உண்மையைச் சொல்லுவம் எண்டு நினைக்காத நாளில்ல. இந்த வெள்ளி போகட்டும், அடுத்த வெள்ளி போகட்டும் எண்டு நானும் அவரைப் போலத்தான் தள்ளி வெச்சன். அவர் தள்ளி வெச்சது வாங்கிற ஆசையை. நான் தள்ளி வெச்சது குடுக்கவேண்டியதை. இப்ப அவரும் மவுத்து, முதலாளியும் மவுத்து. இந்தக் கதையை வாய் திறந்து சொல்ல எனக்கு ஒருத்தரும் மிஞ்சல்ல.

அந்த உறையை அவர் கொண்டுபோனதுக்கு அடுத்த நாள் விடிய நான் கடை திறக்கக்குள்ள அவர் தன்ட இடத்துக்கு வந்திட்டார். மெசினைத் திருப்பிப் போட்டிருந்தார். தெருவைப் பாத்திருந்த மெசின் சுவரைப் பாத்திருந்திச்சு, அவர்ட முதுகு எங்கட கடைக்கு. தையல்காரன் ஒருத்தன் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருக்கிறதை நான் வேறெங்கயும் காணல்ல. நான் அந்தக் கடையை விட்டுப் போகும்வரைக்கும் அவர் அப்பிடித்தான் இருந்தார். எங்கட கடைக்கு எத்தினையோ புதுச் சாமான் இறங்கிச்சு, ஒண்டுக்கும் அவர் எழும்பி வரல்ல. ஊசியில நூல் கோக்க வெளிச்சம் போதாம, ஒவ்வொரு தரமும் எழும்பி வாசலுக்கு வருவார். கண்ணுக்கு நேர ஊசியைப் பிடிச்சி, என்ட பக்கம் பாக்காமக் கோத்துக்கொண்டு உள்ள போவார்.